சலுகையும் நம்பிக்கையும்

நுழையுமுன்

உழைப்புக்கு விலை ஊதியம். ஊதியத்தோடு சேர்ந்து வருபவை சலுகைகள். அவை முதலாளியின் கொடையா, தொழிலாளியின் உரிமையா என்னும் வினா நம் நாட்டில் நூறாண்டுக்கு மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவை ஆராய்ந்து தம் கருத்தை முன்வைக்கிறார் இக்கட்டுரையாசிரியர்.

விழாக்காலத்தின் எதிர்பார்ப்பு

துர்க்கை பூசைக்கு முன் வங்காளத்திலும், ஓணத்துக்கு முன் கேரளத்திலும், தீபாவளிக்கு முன் நாட்டின் பிற பகுதிகளிலும் உழைப்போர் இல்லங்களில் ஒரு சொல் தவறாமல் ஒலிக்கும். அது 'போனஸ்' என்னும் சொல். மிகையூதியம் என்று நாம் அதனைத் தமிழில் வழங்கினாலும், ஆலை வாயிலில் நிற்கும் தொழிலாளியின் நாவில் அது போனஸ்தான். பிள்ளைகளின் புத்தாடை, ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிக் கட்டணம், கடைக்காரரிடம் நிற்கும் பழைய பாக்கி ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லை நம்பிக் காத்திருக்கும்.

போனஸ் ஒன்று மட்டுமே சலுகையன்று. குடியிருப்பு, மருத்துவச் செலவு, விடுமுறைப் பயணப்படி, ஆலை உணவகத்தின் குறைந்த விலைச் சாப்பாடு, பணியாளர் பேருந்து, பிள்ளைகளின் கல்வி உதவி என அதன் கிளைகள் பல. மாணவர்களே, உங்களுள் பலர் பெற்றோரின் பணியிடம் தந்த குடியிருப்பில் வாழ்கிறீர்கள். பணியிட மருத்துவமனையில் மருந்து வாங்குகிறீர்கள். ஆகவே இப்பொருள் உங்களுக்குப் புறம்பானதன்று. இச்சலுகைகள் வரும் வரை எவரும் அவற்றைப் பற்றி ஆராய்வதில்லை. அவற்றுள் ஒன்று நின்றுபோகும் நாளில்தான் அது யாருடையது என்னும் வினா எழுகிறது.

தானமாடும் அதன் பல்லும்

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இலவசமாக வந்த பொருளில் குறை காண்பது பண்பன்று என்பது அதன் கருத்து. வேலையளிப்போர் பலர் சலுகைகளை இந்தத் தானமாட்டின் வரிசையிலேயே வைத்து எண்ணுகின்றனர். "சட்டம் கேட்டதற்கு மேல் நான் மனமுவந்து தருகிறேன், என் விருப்பப்படி நிறுத்தவும் செய்வேன், இதில் கேள்வி எதற்கு?" என்பது அவர்களின் நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டில் பாதி உண்மை உண்டு. எல்லாச் சலுகைகளையும் எக்காலத்துக்கும் மாறாத உரிமை என்று கொள்வோமானால், புதிய சலுகை எதனையும் வழங்க எந்த நிறுவனமும் துணியாது. வாணிகத்தில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நட்டம் வந்த ஆண்டில் இலாபத்தைப் பங்கிட இயலாது. இதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் தானத்துக்கும் சலுகைக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. தானம் பெறுபவர் தருபவருக்கு எதையும் திருப்பித் தருவதில்லை. பணியாளரோ தம் நாளையும் உடல்வலிமையையும் தந்துவிட்டுத்தான் சலுகையைப் பெறுகிறார். வேலையில் சேரும்போது அவர் ஊதியத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. 'வீடு தருவார்கள், மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வார்கள்' என்று சேர்த்தே கணக்கிடுகிறார். அதை நம்பியே, கூடுதல் ஊதியம் தரும் வேறு வேலையை விட்டுவிடுவதும் உண்டு. எனவே சலுகை என்பது ஒப்பந்தத்தாளில் எழுதப்படாத வாக்கு. வாக்கைத் தானமாடு என்று எண்ணுவது தவறு. அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கப் பணியாளருக்கு உரிமை உண்டு.

அகமதாபாத்து தரும் பாடம்

இவ்வுண்மையை இந்தியாவுக்கு முதலில் அழுத்தமாக உணர்த்திய நகரம் அகமதாபாத்து. 1917ஆம் ஆண்டில் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. உயிருக்கு அஞ்சிய மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். நெசவாலைகளின் தறிகள் நின்றுவிடாமல் இருக்க வேண்டுமாயின் தொழிலாளரைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். எனவே ஆலை உரிமையாளர்கள் நெசவுத் தொழிலாளர்க்குக் 'கொள்ளைநோய்ப் போனஸ்' வழங்கினர். அது ஊதியத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை இருந்தது.

நோய் தணிந்தது. 1918 சனவரியில் அந்தப் போனசை நிறுத்த உரிமையாளர்கள் முடிவு செய்தனர். அவர்கள் பக்கக் கணக்கு எளியது: நோய்க்காகத் தந்தோம், நோய் போயிற்று, போனசும் போயிற்று. தொழிலாளர் பக்கக் கணக்கு வேறு. அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தானியமும் துணியும் எண்ணெயும் விலையேறியிருந்தன. அந்தப் போனசைக் கொண்டே அவர்கள் விலையேற்றத்தைத் தாங்கியிருந்தனர். நோய்க்காகத் தரப்பட்ட தொகை, தருபவர் அறியாமலே அடுப்பெரிக்கும் தொகையாக மாறியிருந்தது. போனசுக்கு ஈடாக ஊதியத்தை 50 விழுக்காடு உயர்த்துமாறு தொழிலாளர் கேட்டனர். உரிமையாளர்கள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை.

உரிமையாளர்களின் முன்னணியில் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய். இருவருக்கும் வேண்டியவரான காந்தியடிகள், ஆலைகளின் நிலையையும் பிற நகரங்களின் ஊதியத்தையும் விலைவாசியையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயமானது என்னும் முடிவுக்கு வந்தார். தொழிலாளரும் தம் கோரிக்கையை 50லிருந்து 35 ஆகக் குறைத்துக்கொண்டனர். பிப்ரவரி 22ஆம் நாள் ஆலைகளில் கதவடைப்புத் தொடங்கியது. சபர்மதி ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது, துண்டறிக்கைகள் வெளியாயின. தொழிலாளரின் உறுதி தளரத் தொடங்கியபோது, மார்ச்சு 15ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மார்ச்சு 18ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாட்டின் அமைப்பை உற்று நோக்க வேண்டும். முதல் நாள் 35 விழுக்காடு. அது தொழிலாளரின் உறுதிமொழியைக் காத்தது. இரண்டாம் நாள் 20 விழுக்காடு. அது உரிமையாளரின் சொல்லைக் காத்தது. மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பளிக்கும் வரை 27.5 விழுக்காடு. நடுவராக இருபாலாரும் ஏற்ற அறிஞர் ஆனந்தசங்கர் துருவர் ஆராய்ந்து 35 விழுக்காடே தருக என்று தீர்ப்பளித்தார். 1920ஆம் ஆண்டில் அந்நகரில் 'மசூர் மகாசன்' என்னும் நெசவாலைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பூசல்களை நடுவர் வழியே தீர்த்துக்கொள்வது அதன் நெறியாயிற்று.

போனசை நிறுத்தியது மட்டுமே உரிமையாளர்களின் பிழை என்று நான் கருதவில்லை. நோய்க்காகத் தந்ததை நோய் நீங்கியபின் நிறுத்த அவர்களுக்குக் காரணம் இருந்தது. அத்தொகை பெறுவோர் வாழ்வில் என்னவாக மாறியிருக்கிறது என்பதைக் கேட்டறியாமல் நிறுத்தத் துணிந்ததே பிழை. தொடக்கத்திலேயே அமர்ந்து பேசிக் கணக்கை விரித்திருந்தால், நடுவர் பின்னர்ச் சொன்ன அதே எண்ணைப் பட்டினியும் கதவடைப்பும் இன்றியே எட்டியிருக்கலாம்.

மூணாறு காட்டிய உண்மை

நூறாண்டுக்கு அருகில் வரும்போது அதே பாடம் கேரளத்து மலையொன்றில் மீண்டும் படிக்கப்பட்டது. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து சென்று குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அங்குள்ள பெரிய தோட்ட நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் பணியாளரையே பங்குதாரராகக் கொண்டது. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே என்று சொல்லத்தக்க அமைப்பு அது.

ஆயினும் 2015 செப்டம்பரில் 10 விழுக்காடு போனஸ் என்று அறிவிப்பு வந்தபோது, 20 விழுக்காடு கேட்டு அப்பெண்கள் சாலையில் அமர்ந்தனர். வருவாய் குறைந்துவிட்டது என்றது நிருவாகம். அக்கணக்கை அவர்கள் நம்பவில்லை. தம் பெயரால் பேசி வந்த சங்கத் தலைவர்களையும் அவர்கள் நம்பவில்லை. தலைவர்கள் நிருவாகத்திடம் தனிச்சலுகை பெறுவதாகக் குற்றஞ்சாட்டி அவர்களை ஒதுக்கிவைத்தனர். 'பெண்கள் ஒற்றுமை' என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' அங்கே பிறந்தது. ஒன்பது நாள்களுக்குப் பின் மாநில அரசின் முன்னிலையில் உடன்பாடு எட்டப்பட்டது. 8.33 விழுக்காடு போனஸ், 11.67 விழுக்காடு கருணைத்தொகை. ஆக 20 விழுக்காடு.

இங்கு இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. பங்குச்சான்று கையில் இருப்பதனால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது. கணக்கேடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணக்கைச் சொல்பவர் நம்மைப் போன்றே வாழ்பவர் என்ற எண்ணமும் வேண்டும். இரண்டாவது, அந்த உடன்பாடு சட்டம் விதித்த பங்கையும் நல்லெண்ணத்தால் தரும் பங்கையும் இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதியது. எது கடமை, எது விருப்பம் என்பது தாளிலேயே தெளிவானது. இத்தெளிவு தொடக்கத்திலேயே இருந்திருந்தால் பூசலின் பாதி குறைந்திருக்கும்.

நேற்றைய சலுகை இன்றைய சட்டம்

சலுகைகளை மனமுவந்து வழங்கிய முன்னோடிகளும் நம் நாட்டில் உண்டு. சம்சேத்பூரின் டாட்டா எஃகு ஆலை 1912இல் எட்டு மணிநேர வேலையையும், 1920இல் சேமநல நிதியையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும், 1928இல் மகப்பேற்று உதவியையும், 1934இல் இலாபத்தில் பங்கு தரும் போனசையும் நடைமுறைப்படுத்தியது. அவற்றைத் தருமாறு அன்று எந்த இந்தியச் சட்டமும் வற்புறுத்தவில்லை. நாடு முழுமைக்குமான சட்டங்கள் பின்னரே வந்தன. சேமநல நிதிச் சட்டம் 1952இலும், மகப்பேற்று நலச் சட்டம் 1961இலும், போனஸ் வழங்கல் சட்டம் 1965இலும் இயற்றப்பட்டன. ஒரு தலைமுறையின் சலுகை அடுத்த தலைமுறையின் உரிமையாயிற்று.

1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்னர்த் திருத்தப்பட்ட வடிவில், குறைந்த அளவை 8.33 விழுக்காடு என்றும், உச்ச அளவை 20 விழுக்காடு என்றும் வரையறுத்தது. 8.33 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆண்டின் பன்னிரு மாத ஊதியத்தில் ஒரு மாதப் பங்கு அது.

சட்டம் இன்னொரு நுட்பத்தையும் கண்டது. 1947ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம், வழக்கமாகத் தந்துவரும் சலுகையை நிறுத்துவதும் பணிநிலையை மாற்றுவதே என்று கொண்டது. தொழிலாளர்க்கு அறிவிப்புத் தந்து 21 நாள் கழியாமல் அதனை மாற்றலாகாது என்றது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இந்நெறியைக் கைவிடவில்லை. இதன் உட்பொருள் ஆழமானது. சலுகையைக் குறைக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாமல் குறைக்காதே என்றுதான் சொல்கிறது.

நம்பிக்கைக்குரிய நான்கு நெறிகள்

சலுகையின் அளவு நியாயத்தை முடிவு செய்வதில்லை. அது வழங்கப்படும் முறையே முடிவு செய்கிறது என்பது என் துணிபு. அம்முறைக்கு நான்கு நெறிகளைக் கூறலாம்.

முதலாவது, விதி எழுத்தில் இருத்தல். தொடர்வண்டித் துறையை எடுத்துக்கொள்வோம். 1979-80 முதல் அத்துறையில் உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் வழங்கப்படுகிறது. பல ஆண்டுகளாக அறிவிக்கப்பட்ட அளவு 78 நாள் ஊதியம். ஆனால் மாதம் 7,000 ரூபாய் என்னும் உச்சவரம்பில் கணக்கிடுவதால் ஒருவர் கையில் கிடைப்பது 17,951 ரூபாய். இவ்வரம்பு போதாது என்று பணியாளர் குறை கூறுவர். அக்குறையில் நியாயமும் உண்டு. எனினும் தமக்கு மட்டும் குறைத்துத் தந்துவிட்டார்கள் என்று எவரும் ஐயுறுவதில்லை. கணக்குப் போடும் முறை கடைநிலைப் பணியாளருக்கும் தெரியும்.

இரண்டாவது, விதி யாவர்க்கும் பொதுவாதல். இன்று ஒரே ஆலையில் ஒரே இயந்திரத்தருகே நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கின்றனர். தீபாவளி நாளில் ஒருவர் கையில் இனிப்புப் பெட்டி. மற்றவர் கை வெறுமை. அந்தப் பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஆனால் 'நீ எங்களுள் ஒருவன் அல்லன்' என்று அது சொல்லாமல் சொல்லும் செய்தியை அம்மனிதர் ஆண்டு முழுவதும் மறப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு உணவகம் போன்ற வசதிகளை ஒப்பந்தக்காரர் செய்து தராவிடில் தலைமை நிறுவனமே செய்து தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் சட்டமே விதித்தது. சட்டம் கண்ட அந்த மனிதரை நிருவாகத்தின் கண்கள் காணாதிருக்கலாமா?

மூன்றாவது, மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுதல். பணியாளர் பேருந்தை நிறுத்த நேர்ந்தால் நிறுத்தும் நாளன்று காலையில் அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டுவது முறையன்று. இரண்டு திங்களுக்கு முன் கூறினால், ஒருவர் வீட்டை மாற்றிக்கொள்வார். ஒருவர் மிதிவண்டி வாங்குவார். சிலர் சேர்ந்து மாற்றுவழி ஒன்றை நிருவாகத்திடமே எடுத்துரைப்பர்.

நான்காவது, சுமையை மேலிருந்து தொடங்குதல். சிக்கனம் வேண்டும் என்று கூறித் தொழிலாளியின் தேநீரை நிறுத்திவிட்டு, உயர் அலுவலரின் விருந்தைத் தொடரும் நிறுவனத்தின் கணக்கை எவரும் நம்பார். இழப்பைத் தாமும் ஏற்பவர் சொல்லுக்கே மதிப்புண்டு.

பணியாளரின் கடமை

நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. சலுகையைப் பெறுவோர் அதனைச் சிதைக்கும் நிகழ்ச்சிகளும் உண்டு. செல்லாத பயணத்துக்குப் பயணப்படி பெறுதல், உறவினர் மருந்துக்குத் தம் பெயரில் பட்டியல் தருதல், நலமாக இருந்துகொண்டே மருத்துவ விடுப்பு எடுத்தல், குடியிருப்பை வெளியாருக்கு வாடகைக்கு விடுதல் ஆகியவற்றைச் சிலர் திறமை என்று எண்ணுகின்றனர். 'எல்லாரும் செய்வதுதானே' என்பது அவர்கள் கூறும் அமைதி.

இதனால் கெடுபவர் யார்? நிறுவனம் இழப்பது சில ஆயிரம் ரூபாய். பின்னர் வரும் கடுமையான விதியோ நேர்மையானவர் தலையில் விழுகிறது. பொய்ப் பட்டியல் ஒன்று பிடிபட்டால், மறுநாள் முதல் உண்மையான நோயாளி மூன்று சான்றிதழ்களோடு வரிசையில் நிற்க வேண்டியதாகிறது. ஒருவர் பெற்ற தவறான ஊதியத்தை நூறு பேர் ஐயத்துக்கு ஆளாகி அடைக்கின்றனர். ஆகவே சலுகையைக் காப்பதில் நிருவாகத்துக்கு உள்ள அக்கறையினும் சக பணியாளர்க்கு உள்ள அக்கறை மிகுதியாதல் வேண்டும். தவறு செய்த ஒருவரைத் தண்டிப்பதற்குப் பதிலாக அனைவரையும் ஐயுறும் நிருவாகமும் இங்குப் பிழை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவுரை

இக்கட்டுரையைப் படிக்கும் நீங்கள் சில ஆண்டுகளில் பணியில் சேர்வீர்கள். உங்களுள் சிலர் பிறருக்குப் பணி தருவோராகவும் ஆவீர்கள். பணியில் சேர்வோர், தமக்குரியவை எவையென்று எழுத்தில் கேட்டறியுங்கள். கேட்பது நன்றிகெட்ட செயலன்று. பெற்றதை நேர்மையாகப் பயன்படுத்துங்கள். பணி தருவோர், தரக்கூடியதை மட்டும் கூறுங்கள், கூறியதைத் தாருங்கள், தர இயலாத நாள் வந்தால் கணக்கேட்டைத் திறந்து வைத்துக் காரணத்தைக் கூறுங்கள்.

குறைந்த சலுகையைப் பொறுத்துக்கொண்டு நெடுநாள் உழைப்போர் உண்டு. தம்மிடம் மறைத்தவரை மன்னித்து முழுமனத்தோடு உழைப்போர் அரியர். அகமதாபாத்தில் 35 விழுக்காட்டுக்காகவும் மூணாற்றில் 20 விழுக்காட்டுக்காகவும் போராடியவர்கள் பணத்தைக் கேட்டனர் என்பது உண்மை. அதனோடு, தம்மையும் ஒரு பொருட்டாக மதித்து அமர்ந்து பேச வேண்டும் என்றும் கேட்டனர். இரண்டாவது கோரிக்கையை நிறைவேற்ற எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசும் செலவாகாது.

சிந்தித்து விடை எழுதுக

1. 'தானமாடு' என்னும் பழமொழி சலுகைக்குப் பொருந்தாது என்று ஆசிரியர் கூறக் காரணம் யாது?
2. 1918ஆம் ஆண்டு அகமதாபாத்து உடன்பாட்டில் மூன்று நாள்களுக்கு மூன்று அளவுகள் வைக்கப்பட்டதன் நோக்கத்தை விளக்குக.
3. மூணாற்று உடன்பாட்டிலிருந்து ஆசிரியர் பெறும் இரண்டு உண்மைகள் யாவை?
4. ஆசிரியர் கூறும் நான்கு நெறிகளுள் மிக இன்றியமையாததாக நீ கருதுவது எது? ஏன்?
5. 'சலுகை உரிமையாகுமா?' என்னும் தலைப்பில் ஆசிரியர் கருத்தை மறுத்தோ ஏற்றோ வகுப்பில் மூன்று நிமிடம் உரையாற்றுக.
6. உன் பெற்றோரிடமோ அண்டை வீட்டாரிடமோ அவர்களின் பணியிடச் சலுகை ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து, அது எப்போது, எவ்வாறு தொடங்கியது என்பதை ஒரு பக்க அளவில் எழுதுக.